சேலத்து வெள்ளைக்கல்லும் அதன் தாய்ப்பாறையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் நகருக்கு வடக்கே, சேர்வராயன் மலையடிவாரத்தில் கருப்பூர், வெள்ளக்கல்பட்டி, ஜாகீர் அம்மாபாளையம் பக்கம் போனால் வெள்ளை வெளேரென்று குவியல்கள் தெரியும். அவைதான் மேக்னசைட் சுரங்கங்கள். அங்கே வரும் மாணவர்களும் அவர்களோடு வரும் பெற்றோரும் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றே. எல்லோர் கண்ணும் வெள்ளைக்கல் மேல்தான் விழுகிறது. அதைப் பெற்ற பழுப்புப் பாறையைக் காலால் தள்ளிவிட்டு நடப்பார்கள். எனக்கோ அந்தப் பழுப்புப் பாறைதான் முக்கியம். நிலவியலில் அதை அல்ட்ராமாஃபிக் பாறை என்பார்கள். அதனால் கேள்விகளைத் தொகுத்து, பதிலை அந்தப் பாறையிலிருந்து தொடங்குகிறேன்.

அல்ட்ராமாஃபிக் பாறை என்கிறீர்களே, நம் ஊர்க் கருங்கல்லுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

உள்ளே என்ன இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். கிரானைட்டை எடுத்துக்கொண்டால் அதில் ஏறத்தாழ 70 சதவீதம் சிலிக்கா. குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் போன்ற வெளிர்நிறக் கனிமங்களே அதில் மிகுதி. அல்ட்ராமாஃபிக் பாறையில் சிலிக்கா பொதுவாக 45 சதவீதத்துக்கும் குறைவு. குவார்ட்ஸ் இல்லை, ஃபெல்ஸ்பார் இருந்தாலும் பேருக்குத்தான். பாறையில் 90 சதவீதத்துக்கு மேல் மக்னீசியமும் இரும்பும் நிறைந்த கனிமங்கள்: ஆலிவின், பைராக்சின், சில இடங்களில் ஹார்ன்பிளெண்ட்.

கையில் எடுத்தாலே தெரியும். கிரானைட்டின் அடர்த்தி 2.7 அளவில் இருக்கும். சிதையாத பெரிடோடைட் 3.3 வரை போகும். ஒரே அளவுள்ள இரண்டு துண்டுகளை இரு கைகளிலும் வைத்துப் பாருங்கள், தராசு வேண்டாம்.

டியூனைட், பெரிடோடைட், பைராக்சினைட் என்று இத்தனை பெயர் எதற்கு?

ஆலிவின் எவ்வளவு என்பதே கணக்கு. 90 சதவீதத்துக்கு மேல் இருந்தால் டியூனைட். 40 முதல் 90 வரை பெரிடோடைட். அதற்கும் கீழே இறங்கி பைராக்சின் மேலோங்கினால் பைராக்சினைட். பெரிடோடைட்டுக்குள் ஹார்ஸ்பர்கைட், லெர்சோலைட் என்று உட்பிரிவுகள் உண்டு. எந்த வகைப் பைராக்சின் கூட இருக்கிறது என்பதைப் பொறுத்து அவை மாறும். தேர்வு எழுதுபவர்கள் தவிர மற்றவர்கள் அதற்குள் போக வேண்டியதில்லை.

டியூனைட்டுக்குப் பெயர் கொடுத்தது நியூசிலாந்தின் நெல்சன் நகருக்குப் பக்கத்திலுள்ள டன் மலை. 1859இல் ஹோக்ஸ்டெட்டர் என்ற ஆஸ்திரிய நிலவியலாளர் அங்கே இந்தப் பாறையைக் கண்டு பெயரிட்டார். சேலத்துத் தாய்ப்பாறையும் முக்கியமாக டியூனைட்தான்.

இவ்வளவு மக்னீசியம் உள்ள பாறை எங்கிருந்து வந்தது?

பூமியின் மேலோட்டுக்குக் கீழே உள்ள கவசத்தின் மேற்பகுதி பெரும்பாலும் பெரிடோடைட்டால் ஆனது. அப்படிப் பார்த்தால் இது அபூர்வப் பாறையே அல்ல. நம் காலுக்குக் கீழே மலைமலையாக இருக்கிறது, கைக்குத்தான் எட்டாது. கண்டங்களுக்கு அடியில் கவசம் தொடங்குவதற்கே பொதுவாக 35 முதல் 40 கிலோமீட்டர் இறங்க வேண்டும். மனிதன் தோண்டிய மிக ஆழமான துளைகளில் பேர்போனது ரஷ்யாவின் கோலா துளை. அதுவே 12,262 மீட்டரில் நின்றுவிட்டது. கடலடியில் மேலோடு மெல்லியது, சில இடங்களில் கவசப் பாறையே மேலெழும்பி நிற்கும். 2023இல் அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே அட்லாண்டிஸ் மாசிஃப் என்ற இடத்தில் ஆய்வுக் கப்பல் ஒன்று அத்தகைய பாறைக்குள் 1,268 மீட்டர் துளையிட்டு மாதிரி எடுத்தது.

நிலத்தில் நாம் இதைப் பார்ப்பதற்கு மூன்று வழிகள் உண்டு. கண்டங்கள் மோதும்போது பழைய கடலடியும் அதன் அடிக்கவசமும் பெயர்ந்து கரைமேல் ஏறிவிடும். லடாக்கிலும், நாகாலாந்து-மணிப்பூர் மலைகளிலும், அந்தமானிலும் இருப்பவை அந்த வகை. அடுத்தது, மேலோட்டுக்குள் தங்கிய பாறைக்குழம்பில் கனமான ஆலிவின் படிகங்கள் அடியில் சேர்ந்து உறைவது. மூன்றாவது, எரிமலைக் குழம்பு மேலே வரும்போது வழியில் கவசத்தின் துண்டுகளைப் பிய்த்து எடுத்து வருவது. சேலத்துப் பாறை இதில் எந்த வகை என்பதைக் கடைசிக் கேள்வியில் பார்க்கலாம்.

இந்தக் குன்றுகளுக்குச் சாக் ஹில்ஸ் (சுண்ணக் குன்றுகள்) என்றுதானே பெயர்? அப்படியானால் அந்த வெள்ளை சுண்ணாம்பு இல்லையா?

இல்லை. வெள்ளைக்காரர்கள் நிறத்தைப் பார்த்து வைத்த பெயர் அது. சாக்கும் சுண்ணாம்புக்கல்லும் கால்சியம் கார்பனேட். இங்கே இருப்பது மக்னீசியம் கார்பனேட், அதாவது மேக்னசைட். சூளையில் சுட்டாலும் வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு கிடைக்காது, மக்னீசியாதான் (மக்னீசியம் ஆக்சைடு) கிடைக்கும். சேலத்தில் மேக்னசைட் ஜங்ஷன் என்று ரயில் நிலையமே இருக்கிறது. ரயில்வே சரியாகப் பெயர் வைத்திருக்கிறது.

சந்தேகம் இருந்தால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சுண்ணாம்புக்கல் உடனே பொங்கும். மேக்னசைட் கட்டி சும்மா இருக்கும். அதையே பொடித்து, அமிலத்தைச் சூடாக்கி விட்டால் பொங்கும். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள்.

பழுப்புப் பாறைக்குள் வெள்ளைக்கல் எப்படிப் புகுந்தது?

புகுந்தது என்பதைவிட அங்கேயே பிறந்தது என்பதே சரி. ஆலிவின் என்பது மக்னீசியமும் சிலிக்காவும் சேர்ந்தது, கொஞ்சம் இரும்பும் உண்டு. பூமிக்குள் ஆழத்தில், சூட்டிலும் அழுத்தத்திலும் அது நிம்மதியாக இருக்கும். மேலே வந்ததும் நிலைகொள்ளாது. கார்பன் டை ஆக்சைடு கரைந்த நீர் பாறையின் விரிசல்களில் ஓடினால், அது ஆலிவினிலிருந்து மக்னீசியத்தைப் பிரித்தெடுத்து மேக்னசைட்டாக விரிசலிலேயே படியவைக்கிறது. மிஞ்சிய சிலிக்கா சால்செடனி, ஓபல் என்ற உருவில் பக்கத்திலேயே தங்கிவிடும். சேலத்தில் வெள்ளைக்கல்லோடு மெழுகுப் பளபளப்பில் கிடைக்கும் கண்ணாடிபோன்ற துண்டுகள் அவைதான். தொழிற்சாலைக்கு அந்தச் சிலிக்கா வேண்டாத விருந்தாளி, அதனால் ஆட்கள் உட்கார்ந்து பொறுக்கி ஒதுக்குவார்கள்.

சுரங்கச் சுவரை நேரில் பார்த்தால் இது விளங்கும். பழுப்புப் பாறையில் வெள்ளை நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு வலைபோல் பரவியிருக்கும். சில நூல் கனம், சில ஆள் நுழையும் கனம். நரம்பு திறந்துகொண்ட இடத்தில் கல்லின் மேற்பரப்பு காலிபிளவர் பூப்போலப் புடைத்திருக்கும். உடைத்தால் பீங்கான் உடைந்ததுபோல் வழவழவென்று வளைந்த முகம் தெரியும், படிகம் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அவ்வளவு நுண்ணிய மணிகள். கிரீஸ் நாட்டின் எவியா தீவிலும் இதே வகை நரம்புகள் இதே வகைப் பாறையில் இருக்கின்றன.

ஆலிவின் பச்சை நிறம் என்று படித்தோமே. இங்கே எல்லாம் பழுப்பாக இருக்கிறதே?

வெளித்தோலைப் பார்க்கிறீர்கள். ஆலிவினில் உள்ள இரும்பு காற்றும் மழையும் பட்டுத் துருப்பிடிக்கிறது. சுத்தியலால் நன்றாக ஒரு போடு போட்டு உள்முகத்தைப் பாருங்கள், சாம்பல் கலந்த பச்சை தெரியும். அதிலும் பெரும்பகுதி ஆலிவினாக இருக்காது, அடுத்த பதிலில் வரும் செர்பென்டைனாக மாறியிருக்கும்.

செர்பென்டைன் என்பது தனிப் பாறையா, அல்லது டியூனைட்டின் இன்னொரு பெயரா?

இரண்டும் இல்லை. செர்பென்டைன் ஒரு கனிமக் குடும்பம். ஆலிவின் தண்ணீரைக் குடித்தால் செர்பென்டைன் ஆகும். குடித்தால் என்று சும்மா சொல்லவில்லை: செர்பென்டைனின் எடையில் சுமார் 13 சதவீதம் தண்ணீர். அது கனிமத்தின் கட்டமைப்புக்குள்ளேயே பூட்டப்பட்டிருக்கிறது. தண்ணீர் ஏறியதும் பாறை பருத்து வெடிக்கிறது, புதிய விரிசல்கள் உண்டாகின்றன, அவற்றின் வழியே இன்னும் தண்ணீர் இறங்குகிறது. நுண்ணோக்கியில் மெல்லிய சீவலை வைத்துப் பார்த்தால் மிச்சமிருக்கும் ஆலிவின் தீவுகளைச் சுற்றிச் செர்பென்டைன் கண்ணி கண்ணியாக வலை பின்னியிருக்கும்.

கத்தி ஒன்று போதும் இரண்டையும் பிரிக்க. ஆலிவினின் கடினம் 6.5 முதல் 7, சாதாரணக் கத்தி அதில் கீறாது. செர்பென்டைனில் பெரும்பாலும் கீறல் விழும், தொட்டால் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். இன்னொன்று, ஆலிவினிலிருந்து வெளியேறிய இரும்பு பெரும்பாலும் மேக்னடைட் என்ற காந்த இரும்புக் கனிமமாகப் படியும் (மேக்னசைட் வேறு, இது வேறு). ஒரு சிறு காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பாறைக்குப் பக்கத்தில் கொண்டுபோனால், செர்பென்டைன் ஆன துண்டை நோக்கி அது சாயும்.

அந்த வினையில் ஹைட்ரஜன் வாயுவும் பிறக்கிறது. துருக்கியின் தென்கரையில் யனர்தாஷ் என்ற மலைச்சரிவில் பாறை இடுக்குகளிலிருந்து தீ பல நூற்றாண்டுகளாக எரிகிறது. அங்கே கசியும் மீத்தேனும் ஹைட்ரஜனும் இத்தகைய பாறையிலிருந்து வருபவை. முன்பு சொன்ன அட்லாண்டிஸ் மாசிஃபில் 2000ஆம் ஆண்டு கண்டுபிடிக்கப்பட்ட லாஸ்ட் சிட்டி வெந்நீர் ஊற்றுகளும் அப்படித்தான். ஹைட்ரஜனை உண்டு வாழும் நுண்ணுயிர்கள் அங்கே இருப்பதால், உயிரின் தொடக்கத்தை ஆராய்பவர்கள் அந்த ஊற்றுகளை விடாமல் துருவுகிறார்கள்.

கல்சட்டி செய்கிற மாக்கல்லுக்கும் இதற்கும் உறவு உண்டா?

உண்டு. மாக்கல்லின் முக்கியக் கனிமம் டால்க், கனிமங்களிலேயே மிக மென்மையானது. அல்ட்ராமாஃபிக் பாறைக்குள் சிலிக்கா நிறைந்த சூடான நீரோ கார்பன் டை ஆக்சைடு கலந்த நீரோ போனால் செர்பென்டைன் டால்க்காக மாறும். டோலமைட்டிலிருந்தும் டால்க் உண்டாகும், ஆகவே எல்லா மாக்கல்லும் இந்த வம்சம் என்று சொல்ல முடியாது. கல்சட்டியில் வைத்த குழம்பு அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் கொதித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம், அந்தக் கல் சூட்டைப் பிடித்துவைத்து மெதுவாக விடுவதுதான்.

கறுப்பாக, கனமாக ஒரு கல் கிடைத்தது. இரும்பா, குரோமைட்டா?

பீங்கான் டைல்ஸின் பின்பக்கம் மெருகில்லாமல் இருக்குமே, அதில் உரசிப் பாருங்கள். கோடு கறுப்பாக விழுந்து காந்தமும் பலமாக ஒட்டினால் மேக்னடைட். கோடு பழுப்பாக விழுந்து காந்தம் ஒட்டாமலோ லேசாகவோ இருந்தால் குரோமைட்டாக இருக்கலாம். சிவப்புக் கோடு என்றால் ஹெமடைட். கல்லில் கறுப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக மாறிமாறி வந்தால் அது பெரும்பாலும் கஞ்சமலை வகை மேக்னடைட்-குவார்ட்ஸ் பாறை, இதற்குச் சம்பந்தமில்லாத வேறு குடும்பம்.

குரோமியத்துக்கு இருக்கும் ஒரே தாது குரோமைட்தான், அது அல்ட்ராமாஃபிக் பாறைகளையும் அவற்றோடு சேர்ந்த பாறைகளையும் விட்டு வெளியே அதிகம் போகாது. சேலத்தில் அது சிறுசிறு கொத்துகளாக மட்டுமே இருக்கிறது. இந்தியாவின் குரோமைட் இருப்பில் மிகப் பெரும்பகுதி ஒடிசாவின் சுகிந்தா பள்ளத்தாக்கில் உள்ளது.

பெரிடாட் ரத்தினம் ஆலிவின்தானாமே. இங்கே தோண்டினால் கிடைக்குமா? வைரம்?

பெரிடாட் ஆலிவின்தான். ஆனால் ரத்தினமாக வெட்ட வேண்டுமானால் விரிசலில்லாத, தெளிவான, பெரிய படிகம் வேண்டும். சேலத்து ஆலிவின் மணிகள் சிறியவை, உடைந்தவை, பாதிக்கு மேல் செர்பென்டைன் ஆனவை. பழங்காலத்தில் எகிப்தியர்கள் பெரிடாட் எடுத்தது செங்கடலிலுள்ள சபர்கத் தீவில்.

வைரம் இங்கே இல்லை. அது கிம்பர்லைட் போன்ற வேறு வகை அல்ட்ராமாஃபிக் பாறையில் வரும். பக்கத்தில் பார்க்க வேண்டுமானால் ஆந்திராவின் வஜ்ரகரூர்.

நிக்கலும் இந்தப் பாறையில் இருக்கிறதாமே, ஏன் எடுப்பதில்லை?

பெரிடோடைட்டில் பொதுவாக 0.2 சதவீதம் அளவில் நிக்கல் இருக்கும். ஆனால் அது ஆலிவினுக்குள் சிறைப்பட்டிருப்பதால் பிரித்தெடுக்கும் செலவு கட்டாது. நியூ கலிடோனியாவிலும் இந்தோனேசியாவிலும் இயற்கையே அந்த வேலையைச் செய்துவைத்திருக்கிறது. நீண்ட காலம் கொட்டிய மழை மக்னீசியத்தையும் சிலிக்காவையும் கரைத்துக்கொண்டு போய், நிக்கலைச் செம்மண்ணில் பல மடங்கு செறிவாக்கியது. சேலத்தின் மழைக்கு அந்தத் தெம்பு இல்லை.

வெள்ளைக்கல்லை வைத்து என்ன செய்கிறார்கள்?

உலைக்கு உள்பூச்சும் செங்கலும். மக்னீசியா உருகுவதற்கு 2,800 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடு வேண்டும், எஃகுக் கசடும் அதை எளிதில் அரிக்காது. மேக்னசைட்டை 1,500 டிகிரிக்கு மேல் நன்றாகச் சுட்டால் கிடைப்பது உலைச் செங்கலுக்கு. குறைந்த சூட்டில் சுட்டால் வினைபுரியும் தன்மை மிச்சமிருக்கும் மக்னீசியா கிடைக்கும். அது உரம், தீவனம், ரசாயனத் தொழில்களுக்குப் போகிறது. மேக்னசைட்டுக்கென்றே தமிழக அரசு தொடங்கிய டான்மேக் நிறுவனம் 1979 முதல் இருக்கிறது.

தாய்ப்பாறையும் வீணில்லை. இரும்பு உலையில் கசடு இளகுவதற்கு டியூனைட்டைச் சேர்ப்பார்கள். ஒரு காலத்தில் கழிவென்று கொட்டிய பாறைக்குக் கிடைத்த தாமதமான மரியாதை.

இந்தப் பாறை மேல் உள்ள மண்ணில் தோட்டம் போடலாமா?

போடலாம், ஆனால் படுத்தும். மண்ணில் மக்னீசியம் மிதமிஞ்சி, கால்சியம் பற்றாக்குறை. போதாததற்கு நிக்கலும் குரோமியமும். பெரும்பாலான பயிர்கள் குட்டையாகவே நிற்கும். ஜிப்சம் போட்டுக் கால்சியத்தை ஏற்றினால் ஓரளவு சரியாகும்.

பழகிக்கொண்ட செடிகளுக்கோ அந்த மண்தான் கோட்டை. நியூ கலிடோனியாவில் ஒரு மரத்தின் பால் நீலப்பச்சையாக வழியும், காய்ந்த பாலின் எடையில் கால்வாசி நிக்கல். இலங்கையின் தென்கரையில் அம்பாந்தோட்டைப் பக்கமுள்ள உஸ்ஸங்கொடையில் சுற்றிலும் புதர்க்காடு இருக்க, செர்பென்டைன் மண் உள்ள சமவெளியில் மட்டும் தரையோடு தரையாகச் சிறு செடிகள் கிடக்கின்றன. செம்மண்ணின் நிறத்துக்கு உள்ளூரில் இராவணன் கதையோடு சேர்த்து விளக்கம் சொல்வார்கள். 2010இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

செர்பென்டைனில் கல்நார் இருக்கிறது என்கிறார்கள். தொட்டால் ஆபத்தா?

கல்நாரில் அதிகம் பயன்பட்ட கிரிசோடைல், செர்பென்டைன் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். பாறையில் பட்டுநூல் மாதிரி இழை இழையாக ஒரு நரம்பு தெரிந்தால் சந்தேகப்படுங்கள். கட்டியைத் தொடுவதால் ஒன்றும் ஆகாது. இழைகள் தூசியாகி மூச்சில் போவதுதான் நுரையீரலைக் கெடுக்கும், புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். அத்தகைய கல்லை அறுக்காதீர்கள், பொடிக்காதீர்கள், அலமாரியில் வைக்க வீட்டுக்கும் கொண்டுபோகாதீர்கள்.

நாமக்கல் சித்தம்பூண்டியிலிருந்து இஸ்ரோ எடுத்த நிலா மண்ணும் இதே பாறையா?

இல்லை, அது அனார்த்தோசைட். கால்சியம் மிகுந்த ஃபெல்ஸ்பாரே பெரும்பகுதி, முதல் பதிலில் சொன்ன கணக்கில் நேர் எதிர்முனை. நிலவின் மேட்டுநிலங்கள் அந்தப் பாறையால் ஆனவை என்பதால், சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்களின் பாறையை அரைத்து, சந்திரயான்-2 தரையிறங்கு கலத்தையும் ஊர்தியையும் சோதிக்கச் செயற்கை நிலா மண் செய்தார்கள். 2020இல் அந்தச் செய்முறைக்குக் காப்புரிமையும் கிடைத்தது. சித்தம்பூண்டியிலும் குரோமைட் அடுக்குகள் உண்டு. குழப்பம் அதனால்தான் வருகிறது என்று நினைக்கிறேன்.

இந்தப் பாறை எரிமலைக் குழம்பாக வெளியே வழிந்ததுண்டா?

உண்டு, பூமி இளமையில் கொதித்த காலத்தில். அந்த எரிமலைப் பாறைக்கு கோமாட்டியைட் என்று பெயர், தென்னாப்பிரிக்காவின் கோமாட்டி ஆற்றங்கரையில் 1969இல் இனங்காணப்பட்டது. ஏறத்தாழ 1,600 டிகிரி சூட்டில் வழிந்த குழம்பு சட்டென்று குளிர்ந்ததால் ஆலிவின் நீண்ட தகடுகளாக, புல் கற்றைபோல வளர்ந்திருக்கும். இன்றைய கவசத்துக்கு அந்தச் சூடு இல்லை. கொலம்பியாவின் கோர்கோனா தீவு போன்ற ஓரிரு விதிவிலக்குகளைத் தவிர, கோமாட்டியைட் எல்லாம் மிகப் பழையவை.

பாறை கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் என்றால், புவி வெப்பமாதலுக்கு இதுவே மருந்தாகாதா?

கணக்கு ஆசை காட்டும். தூய மக்னீசிய ஆலிவின் ஒரு டன், முழுவதும் வினைபுரிந்தால், 600 கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடைக் கட்டிப்போடும். வெள்ளைக்கல் நரம்பு ஒவ்வொன்றும் அப்படிக் கட்டிப்போட்ட வாயுதான். சிக்கல் வேகத்தில் இருக்கிறது. இயற்கை இதை அவசரமில்லாமல் செய்கிறது. வேகப்படுத்தப் பாறையைப் பொடிக்க வேண்டும், சூடாக்க வேண்டும். அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பாதி லாபம் கரைந்துவிடும். ஓமானில் ஹஜர் மலைகளின் பெரிடோடைட்டுக்குள் கார்பன் டை ஆக்சைடு கரைத்த நீரைச் செலுத்திப் பார்க்கிறார்கள். பாறையைத் தூக்கி வராமல் வாயுவைப் பாறையிடம் கொண்டுபோகும் அந்த வழிதான் எனக்கு நம்பிக்கை தருகிறது.

கூடவே ஒரு சங்கடம். மேக்னசைட்டைச் சூளையில் சுடும்போது இதே வினை பின்னோக்கிப் போகிறது. தூய மேக்னசைட் ஒரு டன் சுட்டால் 478 கிலோ மக்னீசியா கிடைக்கும், 522 கிலோ கார்பன் டை ஆக்சைடு காற்றில் கலக்கும். எரிபொருளின் புகை தனிக் கணக்கு.

கடைசியாக, சேலத்துப் பாறை கவசத்தின் துண்டா, உறைந்த பாறைக்குழம்பா?

இதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, ஒரே ஒரு துண்டை வைத்துத் தீர்ப்புச் சொல்லவும் முடியாது. பார்ப்பவை இவை. ஆலிவினில் மக்னீசியத்துக்கும் இரும்புக்கும் உள்ள விகிதம்: உருகி வடிந்தபின் மிஞ்சிய கவசப் பாறையில் இந்த இரண்டில் மக்னீசியத்தின் பங்கு 90 சதவீதத்தை ஒட்டியோ மேலாகவோ நிலையாக நிற்கும். குழம்பின் அடியில் படிந்த பாறையில் அடுக்குக்கு அடுக்கு அது மாறலாம். அடுத்து, ஆலிவின் மணிகள் நசுங்கி மடிந்திருக்கின்றனவா என்பது. கவசத்தில் நகர்ந்த பாறைக்கு அந்தத் தழும்பு இருக்கும். பிறகு குரோமைட்டில் குரோமியமும் அலுமினியமும் எந்த விகிதத்தில் உள்ளன, பக்கத்து நைஸ் பாறையோடு (சூட்டிலும் அழுத்தத்திலும் உருமாறிய பட்டைப் பாறை) தொடும் இடம் பிளவால் வெட்டப்பட்டதா, சூட்டால் வெந்ததா என்பவை.

தடை என்னவென்றால், செர்பென்டைனும் மேக்னசைட்டும் பழைய அடையாளங்களில் பாதியை அழித்துவிட்டன. இவை பெரிதும் சிதைக்காமல் விட்டது குரோமைட்டைத்தான். அதனால் சிறு கொத்துகளாக இருக்கும் அந்தக் கறுப்பு மணிகளின் நடுப்பகுதியைத்தான் ஆய்வுக்கூடத்தில் முதலில் அளக்கிறார்கள்.